அலசாமல் காரைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

துணியானாலும் பாத்திரமானாலும் சோப்புப் போட்டுத் தேய்த்த பின் நல்ல தண்ணீரில் அலசவேண்டும் என்பது நம் வீடுகளில் சிறு குழந்தையும் அறிந்த செய்தி. அலசாத தட்டில் யார்தான் சோறு உண்பார்? அப்படியிருக்க, காரை அலசாமலே கழுவலாம் என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா? அது எப்படி முடிகிறது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, அதனால் யாருக்கு என்ன நன்மை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாதாரண சோப்பு அழுக்கைப் பிரித்து நுரையில் மிதக்க விடுகிறது. அந்த நுரையை அப்படியே விட்டுவிட்டால் அழுக்கும் சோப்பும் சேர்ந்து காய்ந்து வெண்மையான படலமாகப் படிந்துவிடும். அதனால்தான் அலச வேண்டியிருக்கிறது. அலசத் தேவையில்லாத திரவம் வேறு வகையானது. அதில் நுரை மிகக் குறைவு. பாலிமர் என்னும் நீண்ட மூலக்கூறுகள் கலந்திருக்கும். இவை தூசியைச் சூழ்ந்துகொண்டு வழவழப்பாக்குகின்றன. தூசி துணியின் இழைகளுக்குள் ஏறிக்கொள்கிறது. காரின்மேல் எஞ்சும் சிறிதளவு ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இவ்வகைத் திரவங்களில் பலரும் அறிந்தது அமெரிக்காவில் தயாராகும் 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' என்பதாகும். அதனை ஒரு பங்குக்கு 256 பங்கு நீர் என்ற அளவில் கலக்கிறார்கள். அதாவது 8 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 மில்லி லிட்டர், இரண்டு மேசைக்கரண்டி, போதும். இவ்வளவு குறைவாகக் கலப்பதால்தான் காய்ந்த பின்னும் படலம் தெரிவதில்லை. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்று எண்ணுவது தவறு.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். நாங்கள் நால்வர் சேர்ந்து, தோழி ஒருத்தியின் வீட்டுச் சிறிய காரை ஒரு சனிக்கிழமை காலையில் கடிகாரம் வைத்துக்கொண்டு கழுவிப் பார்த்தோம். வாளியில் திரவம் கலந்து துணிகளை ஊறவைக்க 3 நிமிடம் ஆயிற்று. அதே கலவையைத் தெளிப்பானில் நிரப்பிக் கார் முழுவதும் தெளித்து ஊறவிட 4 நிமிடம். பிறகு மேற்கூரை, பானெட், டிக்கி, கதவுகள் நான்கு, மட்கார்டுகள் நான்கு, பம்பர்கள் இரண்டு என 13 பாகங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து உலர்த்த ஒன்றரை நிமிடம் வீதம் ஏறக்குறைய 20 நிமிடம். கண்ணாடிகளுக்கு 4 நிமிடம், சக்கரங்களுக்கு 6 நிமிடம். மொத்தம் 37 நிமிடம். கை பழகியவர்கள் அரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். பெரிய வண்டியானாலும், அழுக்கு மிகுதியானாலும் முக்கால் மணிக்கு மேலும் ஆகலாம்.

செய்யும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். நிழலில் நிறுத்திக் கழுவவேண்டும். வெயிலில் நீர் உடனே காய்ந்து கறை விழும். மேலிருந்து கீழாக வரவேண்டும். ஏனெனில் சக்கரத்தின் அருகில்தான் மண் அதிகம். மைக்ரோ ஃபைபர் துணியை நான்காக மடித்தால், உள்ளும் புறமுமாக எட்டுச் சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் மெல்ல இழுக்கவேண்டும். ஒரு பாகம் முடிந்ததும் அதை உலர்த்திய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தெருத் தூசியில் குவார்ட்ஸ் என்னும் மணல் துகள் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 7. காரின் வண்ணப்பூச்சு அதைவிட மிக மென்மையானது. துணிக்கும் பூச்சுக்கும் நடுவே அத்துகள் உலர்ந்த நிலையில் உருண்டால், வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை போன்ற கீறல்கள் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நம் ஊர்களில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியுமாகக் காரைத் துடைப்பவர்களைத் தினமும் காலையில் காண்கிறோம். அவர்களும் அலசுவதில்லை. அப்படியானால் இது புதுமையா? தண்ணீர்ச் சிக்கனத்தில் புதுமை இல்லை. அவர்கள் முன்பே கற்றவர்கள். ஆனால் வெறும் நீரில் வழவழப்பு இல்லை. ஒரே துணியை ஒரே வாளியில் நனைத்து நனைத்துப் பிழிவதால் மணல் மீண்டும் மீண்டும் காருக்கே திரும்புகிறது. நல்ல திரவமும் நான்கைந்து சுத்தமான துணிகளும் அவர்களுக்குக் கிடைத்தால் அவர்கள் உழைப்பு இன்னும் நல்ல பலன் தரும். அவற்றை வாங்கிக் கொடுக்கவேண்டியவர் காரின் சொந்தக்காரரே.

மழைக்காலத்தில் சேறு அப்பிய காருக்கு இம்முறை ஏற்றதன்று. அப்போது முதலில் சேற்றை நீரூற்றி இறக்கியே ஆகவேண்டும்.

இப்போது குழாய் முறையோடு ஒப்பிடுவோம். அதே வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி நிரம்ப 75 விநாடி ஆயிற்று. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். நனைக்க 4 நிமிடமும் அலச 6 நிமிடமும் ரப்பர் குழாயைத் திறந்து வைத்தால் 120 லிட்டர் போய்விடும். அலசாத முறைக்கோ 8 லிட்டர். சோப்புப் போட்டுத் தேய்க்கவும் துடைக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் குழாய் முறைக்கும் முக்கால் மணி ஆகிறது. ஆகவே கடிகாரத்தை மட்டும் பார்த்தால் மிச்சம் சில நிமிடங்களே.

ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதா? குழாயில் தண்ணீர் வராத ஊரில் என்ன செய்வது? 120 லிட்டர் என்பது 15 லிட்டர்க் குடத்தில் எட்டுக் குடம். 8 லிட்டர் என்பது அரைக் குடத்துக்குச் சற்றே அதிகம். எட்டுக் குடம் பிடிக்க வரிசையில் நிற்கும் நேரத்தையும், இடுப்பில் சுமந்து வரும் நேரத்தையும் யார் கணக்கில் சேர்த்தார்? அந்தக் குடத்தைச் சுமப்பவர் யார்? 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் வெளியிட்ட அறிக்கையின்படி, வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில் அப்பொறுப்பு பெண்கள் மீதும் சிறுமியர் மீதும் விழுகிறது. பெண்களாகிய நாம் இதனை மறக்கலாகாது.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது. எங்கள் கணக்கின்படி, குழாய் முறையில் 20,800 கார்களைக் கழுவினால் அந்த ரயில் தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோகும். அலசாத முறையிலோ அதே தண்ணீர் மூன்று லட்சம் கார்களுக்கு மேல் வரும்!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்தார்கள். குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவே. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வாகனம் கழுவத் தடை விதித்து, மீறியவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். பஞ்சம் வந்த பிறகு சட்டத்துக்கு அஞ்சி வாளியைக் கையில் எடுப்பதைவிட, தண்ணீர் இருக்கும்போதே எடுப்பது மேலல்லவா?

தோழியரே! நம்மில் பலர் வீட்டில் கார் இல்லை. ஆயினும் சைக்கிள் இருக்கலாம், ஸ்கூட்டர் இருக்கலாம். அவற்றையும் இம்முறையில் கழுவலாம். ஸ்கூட்டருக்குக் கால் மணி நேரமே போதும். இல்லாதவர்களும் இச்செய்தியை அண்டை அயலாருக்கு எடுத்துச் சொல்லலாம். ஒரு கார் பளபளக்க முப்பத்தேழு நிமிடமும் எட்டு லிட்டரும் போதுமென்றால், மிஞ்சும் நூற்றுப் பன்னிரண்டு லிட்டர், கேப் டவுன் கணக்கில் இருவர் ஒரு நாள் வாழப் போதுமானது. அதனைத் தெருவில் ஓடவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?