ஒரே தோல், மூன்று பெயர்

நந்தி மலையில் பிறக்கும் ஆற்றைக் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்கிறார்கள். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேரும்போது அதுவே தென்பெண்ணை.

ஆற்றுக்கு மட்டுமல்ல, இந்த எல்லைப் பகுதியில் ஒரு தோற்கருவிக்கும் இதே கதைதான். தமிழில் பறை, கன்னடத்தில் தமட்டெ, தெலுங்கில் டப்பு. மூன்று மொழியும் கலந்து புழங்கும் மண் இது. தமட்டெ நமக்கும் அந்நியமல்ல. ‘தம்பட்டம் அடிக்காதே’ என்று சொல்லும்போது அதன் உறவுச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

பறை என்ற பெயரோ ஓசையிலிருந்து வந்ததல்ல, பேச்சிலிருந்து வந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் ‘பறயுக’ அன்றாடச் சொல். அரசாணை, போர், மணம், சாவு என ஊருக்குத் தெரியவேண்டியதை எல்லாம் அறிவித்த கருவி இது. தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் கருப்பொருளில் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது.

மூன்று மரத்துண்டுகளை வட்டமாகப் பொருத்தி, இரும்புப் பட்டையால் இறுக்கி, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுகிறார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அதனால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, ‘டங்’ என்று கேட்ட பிறகே கலைஞர் தோளில் மாட்டுவார். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மூங்கில் சிண்டுக்குச்சி.

இத்தனை பெருமையுள்ள சொல்லைச் சாதி கறைப்படுத்தியது. பறையோடு பிணைந்த மக்களின் பெயர் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் ‘பரையா’ ஆனது. இங்கேயும் கருவியின் பெயரைச் சொல்லக் கூசி, ‘சாவு மேளம்’ என்று ஒதுக்கினோம். சேதி சொன்ன கருவிக்கு நாம் செய்த அநீதி இது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. நந்தி மலை இருக்கும் அதே சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2025-இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அதே விருது.

ஊர்த் திருவிழா அழைப்பிதழில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர் போட்டு அச்சடிக்கிறோம். அடுத்த முறை, ‘மேளதாளம்’ என்று பொதுவாக முடித்துவிடாமல், ‘பறையாட்டம்’ என்று தனி வரியில் போடுங்கள். அடிப்பவர்களின் பெயரையும் சேர்த்து.