பொய்ப் புள்ளியும் மறைந்த புள்ளியும்

சென்ற மழைக்காலத்தில், மும்பையில் நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, "பல மரங்கள்" என்பதைப் "பல் மரங்கள்" என்று வாசித்தாள். நாம் கடிந்துகொண்டோம். அவள் கண்கலங்கித் தாளை நீட்டினாள். லகரத்தின் தலையில் ஒரு புள்ளி அமர்ந்திருந்தது! பிழை குழந்தையுடையதன்று, அத்தாளை அச்சிட்ட நமது வீட்டு லேசர் பிரிண்டருடையது.

புள்ளி ஒன்றே உயிர்மெய்யை மெய்யாக்குகிறது. தமிழ்ப் பாடநூல் எளிதிற் கிட்டாத வெளிமாநில இல்லங்களில் வீட்டில் அச்சிடும் தாளே பாடநூல். ஆகவே, நாம் பட்டறிந்ததை அன்பர்களுக்குக் கூறுவது கடமையாகிறது.

பிரிண்டரினுள் டிரம் என்னும் உருளை உண்டு. லேசர் ஒளி அதன்மேல் மின்னூட்டத்தால் எழுத்தை வரைய, டோனர் என்னும் நுண்பொடி அவ்விடங்களில் ஒட்டிப் பின் காகிதத்திற்கு மாறுகிறது. ஃபியூசர் என்னும் சூடான உருளை அப்பொடியை உருக்கி அழுத்திப் பதிக்கிறது. எக்கட்டத்தில் கோளாறு என்பதைத் தாளே காட்டிவிடும்.

பொய்ப் புள்ளியை அடிக்கோலால் அளந்தோம். 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அது மீண்டும் வந்தது. இரயில் சக்கரத்தின் விளிம்பில் ஓரிடம் தட்டையானால் சுற்றுக்கு ஒருமுறை ஒலிக்குமன்றோ? அதுபோலத்தான் இதுவும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 75. சிறு பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் அளவு இதுவே. ஆகவே வடு டிரம்மில் இருந்தது. இடைவெளி வேறாயின் வேறு உருளையை ஐயுற வேண்டும். ஒட்டிய பொடியே காரணமாயின், துப்புரவுத் தாள் அச்சிடும் ஏற்பாட்டால் நீங்கக்கூடும். வடுவாயின் டிரம்மை மாற்றுவதே வழி. பல பிரிண்டர்களில் டிரம்மும் டோனரும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும், சிலவற்றில் தனித்தனி. கையேட்டைப் பார்த்தே வாங்குக. டிரம்மை விரலால் தொடுவதும் வெளிச்சத்தில் வைப்பதும் கூடா.

இனி, மறைந்த புள்ளி. "பால்" என்பது "பால" ஆகிவிடும். டோனரைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு இயங்குகிறதா என முதலில் பார்க்க. பாடத்தாளுக்கு அச்சிக்கனம் ஆகாது. எழுத்து நெடுக ஒரு பட்டையாக வெளிறினால் பொடி தீரும் தறுவாய். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடவலமாக மெல்ல ஐந்தாறு முறை அசைத்தால் மேலும் சில பக்கங்கள் தெளிவாக வரும். திட்டுத் திட்டாக வெளிறினால் காகிதத்தின் ஈரத்தையும் ஐயுறுக. மழைக்காலத்தில் காகிதக் கட்டைப் பிரித்துப் போடாது, உறையில் மூடி வைத்து வேண்டியதை மட்டும் எடுப்பது நன்று.

விரலால் தடவியதும் எழுத்துக் கலைந்தால், ஃபியூசரின் சூடு போதவில்லை என்பது பொருள். தடித்த தாளாயின் கணினியில் அவ்வகையையே தேர்ந்தெடுக்க. சாதாரணத் தாளிலும் கலைந்தால் பழுது பார்ப்போரை அழைக்க வேண்டியதே. கையில் பொடி பட்டால் தண்ணீரால் கழுவுக, வெந்நீர் வேண்டாம்.

புதிய கார்ட்ரிட்ஜ் வந்தது. மறு ஞாயிறன்று, வகுப்பின் முன்னிலையில், பிழை நம்முடையதே என்று கூறி அச்சிறுமிக்குத் திருந்திய தாளை அளித்தோம். இப்போது எத்தாளைக் கொடுத்தாலும் அவள் முதலில் புள்ளிகளைச் சரிபார்த்த பின்னரே வாசிக்கிறாள். குழந்தையைத் திருத்துமுன் தாளைத் திருத்துவோமாக.