நெட்வொர்க்கில் அடிக்கும் புயல்

கல்யாண மண்டபத்தில் மைக்கில் ஒரு அறிவிப்பு வரும்: "வெள்ளை கலர் கார், நம்பர் 4512, வாசலை மறிச்சு நிக்குது, கொஞ்சம் எடுத்துடுங்க." மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும். எழுந்து போவது கார்க்காரர் மட்டும்தான். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் 'பிராட்காஸ்ட்' என்பதும் இதேதான். "192.168.1.20 யாருப்பா?" என்று ஒரு மெஷின் எல்லாரையும் கேட்கும். உரியவர் பதில் சொல்வார். இது இல்லாமல் பிரிண்டர்கூட வேலை செய்யாது.

அதே மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பினால்? சின்ன சத்தம் சுற்றிச் சுற்றிப் பெருகி, 'கூ'வென்று காதைக் கிழிக்கும். நெட்வொர்க்கில் இது நடப்பதற்குப் பெயர் பாக்கெட் புயல். காரணம் பெரும்பாலும் அற்பமானது. சும்மா தொங்குகிற கேபிளைப் பார்த்து யாரோ ஒருவர் நல்ல மனசோடு பக்கத்து ஓட்டையில் செருகிவிடுவார். இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் இருக்கும். அவ்வளவுதான்.

பிராட்காஸ்ட் எந்த போர்ட்டில் வந்ததோ அதைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுக்கும் ஸ்விட்ச் நகல் அனுப்பும். அந்த நகல் கேபிளின் மறுமுனை வழியாகத் திரும்பி வரும். மறுபடி நகல், மறுபடி திரும்பல். இன்டர்நெட் பாக்கெட்டுக்கு ஒரு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் செத்துவிடும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அந்த ஆயுள் எண் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய ஃப்ரேம்களாக வந்தால், ஒரு கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 14.88 லட்சம் வரை பாயலாம். பக்கத்தில் இருக்கிற பாவப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தாக வேண்டும்.

இதெல்லாம் சின்ன ஆபீஸ் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் சுமார் 4 நாள் முடங்கியது. வருஷக்கணக்கில் ஒன்றோடு ஒன்றாக ஒட்டிக்கொண்டே போன நெட்வொர்க், திடீரென்று வந்த டேட்டா சுமையைத் தாங்காமல் லூப்பில் சிக்கிக்கொண்டது. டாக்டர்கள் பேப்பரில் எழுத, ஊழியர்கள் லேப் ரிசல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஐ.டி. தலைவர் ஜான் ஹலாம்கா எதையும் மறைக்காமல் வெளியே சொன்னதால், மற்ற மருத்துவமனைகளுக்கும் அது பாடமானது.

லூப்பைத் தடுக்க 'ஸ்பானிங் ட்ரீ' என்ற ஏற்பாட்டை 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி உருவாக்கிவிட்டார். ஆனால் பாஸ்டனில் தடுமாறியதே அதுதான். அதனால்தான் இரண்டாவது காவலாக 'ஸ்டார்ம் கண்ட்ரோல்' தேவைப்படுகிறது. ஒரு போர்ட்டுக்குள் வரும் பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட், எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தெரியாத முகவரிக்கான பாக்கெட் ஆகியவற்றை அது அளக்கும். அளவு தாண்டினால் மிச்சத்தைக் கீழே போட்டுவிடும்.

கோயில், தமிழ்ப் பள்ளி, சங்கம் என்று எங்கேயாவது நெட்வொர்க் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் அளந்து பாருங்கள். சாதாரண நாளிலும், கூட்டமான நாளிலும் எவ்வளவு பிராட்காஸ்ட் ஓடுகிறது என்று போர்ட் கவுன்டரில் தெரியும். அதைவிடச் சில மடங்கு மேலே வரம்பு வையுங்கள். சதவீதத்தில் வைக்கும்போது கவனம்: கிகாபிட் போர்ட்டில் 1 சதவீதம் என்றாலே, சின்ன ஃப்ரேம்களாக வந்தால் நொடிக்கு 14,880 ஆகிவிடும். ஸ்விட்ச் அனுமதித்தால் நொடிக்கு இத்தனை பாக்கெட் என்று எண்ணிக்கையிலேயே கொடுங்கள். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. முகவரி கேட்கிற நியாயமான பிராட்காஸ்ட்டும் மாட்டிக்கொண்டு, "நெட் வரலையே" என்று குழந்தைகள் வந்து நிற்பார்கள்.

இரண்டாவது, மல்டிகாஸ்ட் வரம்பில் அவசரம் வேண்டாம். கேமராவோ டிவி ஒளிபரப்போ அதில் ஓடினால், ஊரில் தாத்தா பாட்டி பார்க்கிற நேரலையே நின்றுபோகலாம்.

மூன்றாவது, வரம்பு தாண்டினால் என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். மிச்சத்தை மட்டும் தள்ளலாம், அல்லது போர்ட்டையே மூடலாம். ஆட்கள் வந்து செருகுகிற சுவர் போர்ட்டுகளை மூடுவது நல்லது. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலான போர்ட்டை மூடினால் ஒரு தளமே இருண்டுவிடும். அங்கே தள்ளிவிட்டு எச்சரிக்கை அனுப்பச் சொன்னால் போதும். சிஸ்கோ ஸ்விட்சில் மூடிய போர்ட் தானாகத் திறக்க வேண்டுமென்றால் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்தால், மாற்றாதவரை 300 நொடியில் திறக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டார்ம் கண்ட்ரோல் என்பது சவுண்ட் சர்வீஸ்காரர் வால்யூமைக் குறைப்பது மாதிரி. 'கூ' சத்தம் அடங்கும், ஆனால் மைக் இன்னும் ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். லூப் எங்கே என்று தேடிப் பிடித்தே ஆக வேண்டும். சுவர் போர்ட்டுகளில் 'பிபிடியூ கார்ட்' என்பதையும் போட்டுவிட்டால், யாராவது ஸ்பானிங் ட்ரீ ஓடுகிற இன்னொரு ஸ்விட்சைக் கொண்டுவந்து மாட்டினால் போர்ட் உடனே பூட்டிக்கொள்ளும்.

வீட்டில் வாங்கி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் ஸ்விட்ச் பலவற்றில் இந்தக் காவல் எதுவுமே கிடையாது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னி, வீடு முழுக்க நெட் நின்றால், ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன் கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்கு அடங்குகிறதோ, அதுதான் ஆசாமி. பிறகு ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை நல்ல மனசோடு யார் வந்தாலும், செருகுவதற்கு முன் படித்துப் பார்ப்பார்கள்.