லென்ஸுக்கும் ஜாதகம் உண்டு!

பழைய பிலிம் காமிரா ஒன்று கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பெட்டியின் பளபளப்பையா? தோல் உறையின் அழகையா? விஷயம் தெரிந்தவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. முன்னால் உள்ள லென்ஸைச் சுற்றிப் பொறித்திருக்கும் சின்னஞ்சிறு எழுத்துக்களைத்தான் படிப்பார்கள். பெயர், வரிசை எண், சிலவற்றில் பிறந்த ஊர் கூட அதில் இருக்கும். லென்ஸின் ஜாதகம் என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால், ஜாதகத்தை மட்டும் நம்பிப் பெண் எடுக்கலாமா? 'ஸோனார்' என்ற லென்ஸின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணக்கும் கண்ணாடியும்

ஜெர்மனியில் ஜெனா என்று ஓர் ஊர். 1846-ல் கார்ல் ஜைஸ் என்பவர் அங்கே ஒரு சிறு பட்டறை தொடங்கினார். பின்னர், எர்ன்ஸ்ட் அபே என்ற பௌதிக நிபுணரும், ஆட்டோ ஷாட் என்ற ரசாயன நிபுணரும் அவருடன் கை கோத்தனர். அபே கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்கு ஏற்ற கண்ணாடியை ஷாட் உருக்கிக் கொடுத்தார். நல்ல லென்ஸின் ரகசியம் இவ்வளவுதான்!

1902-ல் அங்கே பால் ருடால்ப் 'டெஸ்ஸார்' லென்ஸை வகுத்தார். அதில் நான்கே வில்லைகள். நான்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

அடுத்து வந்தவர் லுட்விக் பெர்டெலே. கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு முகப்பிலும் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். 6 வில்லைகளைத் தனித்தனியே வைத்தால் 12 முகப்புகள். சுமார் 60 பங்கு வெளிச்சமே பிலிமுக்குப் போய்ச் சேரும். பெர்டெலே அந்த 6 வில்லைகளை ஒட்டி மூன்றே கட்டுகளாக்கினார். முகப்புகள் பாதியாயின, 78 பங்கு வெளிச்சம் உள்ளே வந்தது. 1932-ல் 'காண்டாக்ஸ்' காமிராவுடன் வெளிவந்த இந்த லென்ஸ்தான் ஸோனார். மங்கிய வெளிச்சத்திலும் அது தெளிவாகப் படம் பிடித்தது.

ஊர் இரண்டுபட்டது

உலக யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படை ஜெனாவைப் பிடித்தது. ஆனால் அந்த ஊர் ரஷ்யாவின் வசம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ரஷ்யர் வருவதற்குள், ஜைஸ் நிபுணர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கர் மேற்கே கொண்டு போய்விட்டனர். ஓபர்கோகன் என்ற ஊரில் புதிய தொழிற்சாலை எழுந்தது.

அடுத்து வந்த ரஷ்யர் இயந்திரங்களைக் கழற்றினர். 1946 அக்டோபரில் எஞ்சியிருந்த நிபுணர்கள் பலர் குடும்பத்துடன் ரஷ்யாவுக்கு ரயிலேற்றப்பட்டனர். காண்டாக்ஸ், கீவ் நகரில் மறுபிறவி எடுத்து, 'கீவ்' காமிரா ஆயிற்று. ஸோனார், 'ஜூபிட்டர்' ஆயிற்று. முதலில் ஜெர்மன் கண்ணாடியைக் கொண்டே செய்தார்கள். பிறகு தங்கள் கண்ணாடிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள்.

ஒரே குடும்பம் மூன்றாகச் சிதறியது. எங்கே வாழ்வது என்று அந்தத் தொழிலாளிகளை யார் கேட்டார்கள்?

டோக்கியோவில் ஓர் அதிசயம்

ஸோனாரின் அமைப்பு கிழக்கிலும் பரவியது. 1950-ல் 'லைப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜூன் மிக்கி என்ற ஜப்பானிய இளைஞர், நிக்கோர் லென்ஸால் அவரைப் படம் எடுத்துக் காட்டினார். படத்தின் தெளிவைக் கண்டு டங்கன் வியந்து போனார்! அந்த லென்ஸும் ஸோனார் வகையைச் சேர்ந்ததே. உடனே நிக்கோர் லென்ஸ்களை வாங்கிக்கொண்டு கொரிய யுத்தகளத்துக்குப் போனார். ஜப்பான் சரக்கு என்றால் மட்டம் என்று நினைத்த உலகம், அவர் அனுப்பிய படங்களைப் பார்த்துத் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது.

போலி ஜாதகம்

இப்போது சந்தைக்கு வருவோம். பழைய லென்ஸ்களுக்கு இன்று மீண்டும் கிராக்கி. ஜூபிட்டர் லென்ஸின் மேல் ஜைஸ் பெயரைப் பொறித்து, பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் உண்டு. பெயரைக் கண்டு மயங்கினால் பணம் போய்விடும். ஜூபிட்டர் மட்டம் என்பதல்ல. சில, ஜெர்மன் லென்ஸுக்குச் சளைத்தவையல்ல. ஆனால், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. பூட்டிய கை எவ்வளவு நிதானமானது என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே, வாங்குமுன் டார்ச் விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால், அது பூஞ்சைக் காளான். ஈரக்காற்றில், தோல் உறைக்குள் பூட்டி வைத்ததன் பலன்! கீறலும் மங்கலும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். முடிந்தால் ஒரு பிலிம் சுருள் எடுத்துப் பார்த்து, படத்தின் நாலு மூலைகளும் தெளிவாக விழுகின்றனவா என்று சோதியுங்கள்.

எந்த ஊரில் பிறந்தாலும் நல்ல லென்ஸ் உண்மையைத்தான் காட்டும். பொய் சொல்வது மேலே பொறித்த எழுத்துத்தான்!