எழுந்து நிற்க முடிகிறதா?

காசநோய் என்று உறுதியாகி மாத்திரை வாங்க வந்திருப்பவரிடம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "எதையும் பிடிக்காம எழுந்து நிக்க முடியுதாங்க?" நின்றால் ஒரு கட்டத்தில் டிக். முடியாவிட்டால் பக்கத்துக் கட்டத்தில் டிக். கேட்பவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சளிப் பரிசோதனை, கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் இயந்திரம், எக்ஸ்ரே என்று எல்லாம் பார்த்து முடித்தவருக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அவர் அடுத்த இரண்டு மாதங்களைத் தாண்டுவாரா என்று கணிப்பதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனைக்கும் மருந்து இருக்கிறது. அரசு அதை இலவசமாகவே தருகிறது. பிறகும் ஏன் சாகிறார்கள்? இறந்தவர்களின் பதிவேடுகளைத் தேதி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. பெரும்பாலான இறப்புகள் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்திருந்தன. மாத்திரை வேலை செய்ய அவகாசம் கிடைக்கும் முன்பே உடம்பு கைவிட்டுவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாத சிலரை, மற்றவர்களோடு சேர்த்து, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிலர் யார் என்று முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. மாநிலக் காசநோய்ப் பிரிவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து வகுத்த திட்டம் இது. பார்ப்பது ஐந்தே விஷயங்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது. ரத்தம் எடுக்க வேண்டாம், லேபுக்கு அனுப்ப வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் சாமான்களே போதும்.

வரம்புகளையும் தெளிவாக வைத்திருக்கிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிலைமை கடுமை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இது 36 கிலோவுக்கும் குறைவான எடை. வளர்ந்த ஆளுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எடை. 14-க்கு மேல் 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலும் கடுமைதான். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ அப்படியே. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, முழுதாகப் பரிசோதித்து, படுக்கை கொடுக்க வேண்டும்.

கால் வீக்கத்தை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் எடையைக் கூட்டிக் காட்டும். எடைக்கருவி 40 கிலோ என்று சொன்னாலும் அதில் சதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பது எடைக்கருவியின் பொய்யைப் பிடிக்கும் வழி. மூச்சு எண்ணுவது இதைவிடச் சிரமம். கூட்டம் நெருக்கும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கத் தோன்றும். அதில் ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். 28 மூச்சு விடும் ஆள் 24 என்று பதிவாகிப் பாதுகாப்பான பட்டியலுக்குப் போய்விடுவார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை உறிஞ்சும் அளவில் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அதைக் குழப்பும். தரவு என்றால் கணினியில் பிறப்பது என்று நினைக்கிறோம். இங்கே அது பிறப்பது ஒரு பெருவிரல் அழுத்தத்திலும் முழுசாக எண்ணிய ஒரு நிமிடத்திலும்தான்.

நிற்க முடிகிறதா என்ற கேள்விக்கு மட்டும் அளவுகோலே இல்லை. ஆனாலும் அது வலுவான கேள்வி. எழுந்து நிற்பதற்குத் தொடைச் சதை வேண்டும், இதயம் ரத்தத்தை மேலே ஏற்ற வேண்டும், நுரையீரல் ஈடுகொடுக்க வேண்டும், மூளைக்கு ரத்தம் போக வேண்டும். இவற்றில் எது தளர்ந்தாலும் ஆள் தடுமாறுவார். தனித்தனிப் பரிசோதனையில் தப்பிவிடுகிற தளர்ச்சியெல்லாம் இந்த ஒன்றில் சேர்ந்து வெளிப்படுகிறது.

2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட சுமார் 56,000 காசநோயாளிகளின் இந்த ஐந்து அளவுகளையும், பின்னர் அவர்களில் யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதையும் பொருத்திப் பார்த்து, நோய்ப்பரவியல் நிறுவனத்தார் இறப்பைக் கணிக்கும் ஒரு கணக்கீட்டை உருவாக்கினார்கள். களப்பணியாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த 'டிபி சேவா' என்ற இணையச் செயலியில் 2025-இல் அது சேர்ந்தது. கடுமையான நிலையில் உள்ளவருக்கு இறப்பு வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம் என்று அது காட்டுகிறது. ஒரு மாநிலம் இப்படிச் செய்தது நாட்டிலேயே முதன்முறை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஐந்து அளவுகளே ஆபத்தைச் சொல்லிவிடும்போது சதவீதம் எதற்கு? கடுமை, கடுமையில்லை என்ற இரண்டு சொற்கள் போதாதா? திட்டத்தின் அன்றாடத்தைப் பார்த்தால் காரணம் புரிகிறது. 'கடுமை' என்று குறித்த எல்லோரும் ஒரே மாதிரியாகத் தெரிவார்கள். பத்தில் ஒரு வாய்ப்புள்ளவரும் இரண்டில் ஒரு வாய்ப்புள்ளவரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். யாருக்கு முதலில் போன் போட வேண்டும், யாருக்கு இன்றே ஆம்புலன்ஸ் என்று முடிவெடுக்கும் களப்பணியாளருக்கு 45 சதவீதம் என்ற எண் வேறு வேகத்தைக் கொடுக்கும்.

சென்னைக்கும் காசநோய்க்கும் நீண்ட கணக்கு உண்டு. அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம். தாம்பரத்தில் டேவிட் சவுரிமுத்து 1928-இல் நிறுவியது அப்படி ஒன்றுதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மருந்து ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்களுக்கு நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் அதே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கத்திலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்கு நோய் அதிகம் பரவிவிடவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்தது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை. அதே ஊர், அறுபதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், சிலருக்கு மட்டும் படுக்கை வேண்டும் என்று இன்னொரு தரவைக் காட்டுகிறது. முன்னதற்கு இது மறுப்பாகாது. எல்லோருக்கும் வீடு போதும் என்று பழக்கத்தில் நீட்டிவிட்டதைத்தான் திருத்துகிறது.

இனி இதைக் கண்டாச்சிபுரத்தில் வைத்துப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போகும் வழியில் உள்ள வட்டத் தலைநகர் அது. முகையூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. மானாவாரி நிலமும் கரும்பும் மணிலாவும் உள்ள பகுதி. வேலையில்லாத காலத்தில் கரும்பு வெட்டவும் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போகும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. இப்படிப்பட்ட ஒருவர் இரண்டு மாதமாக இருமிவிட்டு, எடை கரைந்து, சளியைக் கொடுத்து நோய் உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அளவுகளும் எடுத்தாயிற்று. செயலி 'கடுமை' என்று காட்டுகிறது. மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. விழுப்புரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, திண்டிவனம் சாலையில் போக வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர் அல்லவா? கூட யார் போவது? அன்றைய கூலி? ஆட்டை யார் பார்ப்பது? செயலியில் இதற்குக் கட்டம் இல்லை. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய், "மாத்திரை அங்கயும் தருவாங்க, சாப்பாடும் தருவாங்க, ஒரு வாரம் இருந்துட்டு வாங்கண்ணே" என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பதில்தான் அந்தச் சதவீதம் பயனாகிறது. தமிழ்நாட்டில் நோய் கண்டறிந்ததிலிருந்து கடுமையான நோயாளியை அனுமதிக்கும் வரை சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது என்பது இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சாதனை என்பேன். கணக்கீட்டைவிட இதுதான் பிற மாநிலங்கள் பார்த்துப் படிக்க வேண்டியது.

மருத்துவமனைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று வயிறு நிறையச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் தடுமாறலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். "நல்லா சாப்பிடுங்க" என்ற அன்பான அறிவுரை மட்டும் போதாத இடம் அது.

இதுவரை சொன்னது இறப்பைத் தடுப்பது. நோயே வராமல் தடுக்கவும் தரவு ஒரு வழி காட்டியிருக்கிறது. ஆய்வாளர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் உள்ள 10,345 பேரை வைத்து நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. ஒரு பகுதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் கூடுதல் உணவு. மற்ற வீடுகளில் குடும்பத்தினருக்கும் சேர்த்து, தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. குடும்பத்துக்கும் உணவு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி ஆய்வாளர்கள் பொறாமைப்படும் எண் இது. சாதித்தது அரிசியும் பருப்பும்.

இப்போது கண்டாச்சிபுரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் காசநோய் இருப்பதை மத்திய அரசின் 'நிக்ஷய்' பதிவேடு அறியும். 2012 முதல் நோயாளிகள் அதில் ஏற்றப்படுகிறார்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு அரிசி வாங்குகிறார்கள் என்பதை ரேஷன் கடையின் ஸ்மார்ட் கார்டு அறியும். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. குடும்பத்துக்கு அதில் தனிக் கணக்கு இல்லை. அரிசிக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ என்பதுதான் கணக்கு. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? காசநோய் வீடுகளுக்கு மட்டும் பருப்பை உயர்த்துவது பெரிய செலவாகாது.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. கடையின் பில் மெஷினில் "காசநோய்க் குடும்பம்" என்று வந்துவிட்டால் வரிசையில் நிற்கும் ஊருக்கே தெரிந்துவிடும். பெண்ணுக்கு வரன் பார்ப்பதிலிருந்து டீக்கடை டம்ளர் வரை அதன் விளைவு போகும். பிறகு யார் சளி கொடுக்க வருவார்கள்? தரவை இணைப்பதென்றால் காரணம் தெரியாமல் அளவு மட்டும் மாற வேண்டும். இன்னின்ன அட்டைக்கு இந்த மாதம் கூடுதலாக மூன்று கிலோ என்பதோடு கடை மெஷினுக்குப் போகும் செய்தி நின்றுவிட வேண்டும். தொழில்நுட்பத்தில் இது கடினமான வேலை அல்ல. அந்தியோதயா போல வேறு காரணங்களுக்காகவும் அளவு மாறும் அட்டைகளோடு கலந்துவிட்டால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஐந்து அளவுகள் எடுக்கப்படுவது அரசு மருத்துவமனைகளில் கண்டறியப்படுவோருக்கு. டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுபவரின் பெயர் நிக்ஷயில் ஏறும். சட்டப்படி ஏற வேண்டும். அவர் எழுந்து நிற்கிறாரா என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. அதற்குத் தனிச் செலவில்லை, எந்த க்ளினிக்கிலும் எடைக்கருவி இருக்கிறது, பக்கத்து மருந்துக்கடையில் ஆக்சிமீட்டர் விற்கிறார்கள். தனியார் டாக்டர்களும் இதைத் தொடங்கும்வரை வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். நோயாளியின் எடையைப் பார்த்து உயரத்தோடு கணக்குப் போடுங்கள், கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பாருங்கள், ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், அடுத்த தவணை மாத்திரை தீரும்வரை காத்திராமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.