மழை மணமும் மாணவர் கைவண்ணமும்

சென்ற கோடையில் ஒரு மாலை, செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் மழைக்கு ஒதுங்கி நிற்க நேர்ந்தது. சற்றுத் தொலைவில் சமண மடமும் பார்சுவநாதர் ஆலயமும் தெரிந்தன. பல வாரம் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் துளிகள் விழுந்தவுடன் எழுந்தது பாருங்கள், ஒரு மணம்! உடன் ஒதுங்கி நின்ற நம் பங்கு விவசாயி ஒருவர் அதை முகர்ந்து மகிழ்வதற்குப் பதிலாகக் கவலையோடு கேட்டார்: “சாமி, இந்த மணத்தைப் பெங்களூரில் கிருமியைக் கொண்டே செய்துவிட்டார்களாம். என் மகள் அங்கே கலைக் கல்லூரியில் சேர வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உயிரை வைத்து வித்தை காட்டுவது ஆண்டவருக்கு எதிரான காரியமல்லவா? அனுப்பலாமா?”

மழை விடுவதற்குள் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வேறு பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

அவர் கேள்விப்பட்டது உண்மைதான். பெங்களூரின் சிருஷ்டி கலைப் பள்ளியில் யஷஸ் ஷெட்டி என்னும் கலைஞரின் வழிகாட்டுதலில் மாணவர் சிலர், தேசிய உயிரியல் ஆய்வு மையத்தாரின் துணையோடு 2009-ஆம் ஆண்டு இம்முயற்சியில் இறங்கினர். மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் நுண்ணுயிர்க் குலம் ஒன்று உண்டு. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இக்குலத்திலிருந்தே. அது ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கிறது; நாம் மண்வாசனை என்று போற்றுவதில் பெரும்பங்கு அதுவே. இலட்சம் கோடிப் பங்கில் ஐந்து பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அதைச் சுரக்கச் செய்யும் மரபுக் கூறினை, குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் சேர்த்து, ஆய்வுக்கூடத் தட்டிலேயே மழை மணம் எழச் செய்வது மாணவர்களின் நோக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த பன்னாட்டுப் போட்டியில், உயிரியல் மாணவர்களுக்கு நடுவே கலை மாணவர்களாகிய இவர்கள் தம் படைப்பை வைத்தனர்.

மணத்தைச் சிறைப்பிடிக்கும் ஆசை நம் நாட்டிற்குப் புதிதன்று. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் சுட்ட மண்ணை வாலையில் வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்கிறார்கள். அங்கே மண் மூலப்பொருள். இங்கேயோ உயிர் மூலப்பொருள். நம் விவசாயியின் கலக்கம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

இது சிருஷ்டியாகுமா? ஆகாது. இறைவன் ஒன்றுமில்லாமையினின்று படைக்கிறார். மாணவர்களோ ஏற்கெனவே இருந்த உயிரில், ஏற்கெனவே இருந்த கூற்றினைச் சேர்த்தார்கள். சேற்றிலிருந்து சிற்றுயிர்கள் தாமே தோன்றும் என்று புனித தோமாஸ் அக்குவினாரே எண்ணியிருந்தார். அதை அக்கால அறிஞர் பலரும் நம்பினர். பின்னர் லூயி பாஸ்டர் தம் சோதனைகளால் மறுத்தார். சேறு உயிர் தரும் என்ற எண்ணம் அப்புனிதரின் விசுவாசத்தை அசைக்கவில்லை. பிற்பாடு தோன்ற வேண்டியவற்றை வித்துக்களைப் போல் இறைவன் படைப்பில் ஆதியிலேயே பொதிந்து வைத்தார் என்பது புனித அகுஸ்தீனாரின் கருத்து. குருமடத்தில் இலத்தீனோடு மல்லுக்கட்டிப் படித்தபோது இதன் அருமை எனக்கு விளங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே 2009-இல் வானத்திலிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஜயந்த் நார்லிகர் தலைமையில் நம் விஞ்ஞானிகள் 2005-இல் ஐதராபாத்திலிருந்து பலூன் அனுப்பி, 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைச் சேகரித்திருந்தனர். அதில் புதிய நுண்ணுயிர் இனங்கள் மூன்று இருந்ததாக இஸ்ரோ அறிவித்தது. அவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்று அவர்கள் அறுதியிடவில்லை. அவற்றுள் ஆரியபட்டரின் பெயர் பெற்ற இனம் பின்னர்ப் பல நாடுகளில் பயிர்களின் வேரடி மண்ணிலும் காணப்பட்டது! அவ்வாண்டு நவம்பரில் பாப்பிறை அறிவியல் கழகம் வத்திக்கானில் வேற்றுலக உயிர்களைப் பற்றி ஆய்வு வாரமே நடத்தியது. வேறு உலகங்களில் உயிர் இருப்பது விசுவாசத்திற்கு முரணன்று என்று, வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த சேசு சபைக் குரு ஹோசே ஃபூனஸ் அதற்கு முந்தைய ஆண்டே கூறியிருந்தார். ஆகவே அஞ்ச வேண்டிய இடம் அதுவன்று.

அஞ்ச வேண்டியது நியூயார்க்கில் நடந்தது போன்றது. 2008-இல் அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஓரன் கட்ஸ், அயோனட் சூர் ஆகிய கலைஞர்கள், எலியின் உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த சின்னஞ்சிறு தோலங்கி ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் வைத்தனர். விலங்கைக் கொல்லாமல் தோல் கிடைக்குமா என்று கேட்பதே அதன் கருத்து. ஆனால் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக வளரத் தொடங்கியது. கண்காட்சிப் பொறுப்பாளரான பாவ்லா அந்தொனெல்லி வேறு வழியின்றி அதற்குப் போன ஊட்ட நீரை நிறுத்தினார். முடிவெடுக்கத் தாம் பட்ட வேதனையை அவரே பிறகு வெளியிட்டார். சட்டைதானே என்று அவரால் இருந்துவிட முடியவில்லை. அந்த வேதனையை நான் மதிக்கிறேன். கல் சிற்பத்தைச் செய்தவன் கைகழுவிவிட்டுப் போகலாம். உயிர்ச் சிற்பத்தைச் செய்தவன் போக முடியாது. எலியின் அணுவுக்கே இப்படியென்றால், மனிதக் கருவைக் கலைக்கோ ஆய்வுக்கோ மூலப்பொருளாக்கத் திருச்சபை ஒருபோதும் இசையாததன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் மேல்சித்தாமூர்ச் சமணர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்தெண்ணும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சமணரோ மண்ணையும் நீரையும்கூட ஓரறிவு உயிரின் உடலாகக் கருதுவர். அவர்களுடைய தத்துவம் முழுவதும் நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அவர்கள் காட்டும் கவனத்தைப் பாருங்கள்: குடிநீரைத் துணியில் வடிகட்டியபின், துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் முறை.

“அனுப்புங்கள். ஆனால் கண்காட்சி முடிந்தபின் அந்த உயிரை என்ன செய்வீர்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்” என்றேன் அவரிடம். ஜூன் மாதம் ஊறுகாய் ஜாடியும் செபமாலையுமாக அந்தப் பெண் பெங்களூரில் ஒரு கல்லூரிக்குப் போனாள். முதல் வாரமே கேட்டுவிட்டாளாம். நீராவிக் கலத்தில் வைத்துக் கொன்றுவிடுவோம், வெளியே விட்டால் ஊருக்குக் கேடு என்று ஆசிரியர் விடை சொன்னாராம். அது சரியான விடைதான். அன்றிரவு தொலைபேசியில் தந்தையிடம் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாளாம்.