ஒரு கண், ஒரு செடி

தேம்ஸ் நதியின் வடகரையில், லண்டன் மாநகரத்தின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தென்மேற்கே, கார்டினல் உல்ஸி 1515ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிப் பின்னர் எட்டாம் ஹென்றி மன்னரின் வசமான ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை நிற்கிறது. அதைச் சூழ்ந்த விஸ்தாரமான உத்யானத்தில் 1990ஆம் ஆண்டில் தொடங்கி, 1993 முதல் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் நடந்துவந்திருக்கும் மலர்விழா, ஆங்கிலக் கோடையின் நடுவில், ஜூலைத் தொடக்கத்தில் கூடுவது வழக்கம். ரிச்மண்டிலிருந்தோ கிங்ஸ்டனிலிருந்தோ படகேறி, வில்லோ மரங்கள் நீரைத் தொடும் கரைகளைப் பார்த்துக்கொண்டே அரண்மனைத் துறையில் இறங்கி, இரண்டாம் சார்லஸ் மன்னர் வெட்டுவித்த நீண்ட வாய்க்காலின் இருபுறமும் விரிந்து கிடக்கும் கூடாரங்களுக்குள் நுழைகிறவருக்கு, ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் பார்த்துத் தீராத புஷ்ப வைபவம் காத்திருக்கும்.

அவற்றுள் ரோஜாக்களுக்கென்று அமைந்த கூடாரத்தில் காலடி வைத்ததும் முதலில் எதிர்கொள்வது மணம். அதன் பின்னரே வெண்மையும் மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாக வர்ணபேதங்கள் கண்ணில் நிறைகின்றன. ஆனால் மலரிலேயே லயித்துவிடாமல், சற்றுக் குனிந்து செடியின் அடித்தண்டை நோக்குகிறவர், வேர் தொடங்கும் இடத்துக்கு மேலே முஷ்டி போல் புடைத்த ஒரு முடிச்சைக் காண்பார். அந்த முடிச்சுக்கு மேலே இருப்பது ஒரு ஜாதி, கீழே இருப்பது வேறொரு ஜாதி. மேலே ஐரோப்பாவும் ஆசியாவும் கலந்து பிறந்த அரிய மலர்க்கொடி வம்சம், கீழே முரட்டு வேர்கொண்ட காட்டு ரோஜா. ஒன்றின் கண்ணை, அதாவது இலைக்கக்கத்து முகையை, மற்றொன்றில் பொருத்தி இவ்விரண்டையும் ஓருயிராக்கும் வித்தைக்குக் கண் ஒட்டுதல் என்று பெயர்.

இவ்வித்தை ஏன் தேவைப்பட்டது? பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு முறையே பூத்து ஓய்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து வந்த ரோஜாக்கள், கோடை நெடுகத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தைத் தம்முடன் கொண்டுவந்தன. இவற்றின் கலப்பால், 1867இல் லியோன் நகரத்து கியோ என்பவர் வெளியிட்ட ‘லா ஃபிரான்ஸ்’ போன்ற நவீன ரோஜாக்கள் தோன்றின. பாரசீக மஞ்சள் ரோஜாவைத் தோட்ட ரோஜாவோடு இணைக்கப் பல ஆண்டுகள் பிரயத்தனப்பட்ட பெர்னே-டுஷே என்பவர், 1900இல் ‘சோலேய் டோர்’ என்ற பொன்னிற மலரை உலகுக்கு அளித்தார். இத்தனை வம்சங்கள் கலந்த செடியின் விதையை ஊன்றினால் தாயைப் போன்ற பிள்ளை பிறப்பதில்லை. ஒவ்வொரு நாற்றும் வெவ்வேறு ரூபம் எடுக்கும். ஆகவே ஆயிரக்கணக்கான நாற்றுகளினின்று தேர்ந்தெடுத்த அந்த ஒரே செடியை விதையின்றியே பெருக்கவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. கிளையை வெட்டிப் போத்தாக நடுவது அதற்கு ஒரு வழி. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768ஆம் ஆண்டில் நடப்பட்டு இன்றும் காய்த்துவரும் பிரசித்திபெற்ற திராட்சைக்கொடி, வேறொரு கொடியிலிருந்து வெட்டி நட்ட போத்திலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் உயர்ந்த ரோஜா ஜாதிகள் பல, போத்தாக நட்டால் சொந்த வேரில் வலுவாகத் தழைப்பதில்லை. மேலும், போத்து ஒன்றுக்குப் பல கணுக்கள் வேண்டும். ஒட்டுக்கோ ஒரே ஒரு கண் போதும்.

விழா நிகழும் அதே ஜூலை மாதந்தான் இங்கிலாந்தின் நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக்கட்டும் பருவமும் ஆகும். அப்போது வேர்ச்செடியான காட்டு ரோஜாவின் தண்டில் சாறு மிகுந்து, பட்டை கட்டையை விட்டு எளிதில் கழன்று வரும். தொழிலாளி வரிசையில் இடுப்பை வளைத்துக் குனிந்து, வேர்ச்செடியின் கழுத்திலுள்ள மண்ணை விலக்கித் துடைத்து, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், பட்டை மட்டும் பிளக்கும்படி கத்தியால் கீறுகிறார். பின்னர், அண்மையில் பூத்து முடிந்த நல்ல ஜாதிக் கிளையை எடுத்து, முட்களை ஒடித்து, இலைகளை நறுக்கி, காம்பை மட்டும் கைப்பிடியாக விட்டுவைத்து, அக்காம்பின் கக்கத்தில் உறங்கும் கண்ணைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள கேடய வடிவச் சீவலாகச் செதுக்குகிறார். சீவலின் பின்னே ஒட்டியிருக்கும் கட்டைச் சிம்பை நகத்தால் உரித்தெடுத்து, கத்தியின் பிடிமுனையால் கீறலின் இரு இதழ்களையும் நெம்பி, கண்ணை உள்ளே நழுவவிட்டு, மேலே துருத்தும் பகுதியை அரிந்துவிடுகிறார். அவருக்குப் பின்னால் வரும் துணைவர் அதைக் கட்டுகிறார். முற்காலத்தில் ராஃபியா என்னும் பனைநாரும், இக்காலத்தில் ரப்பர்ப் பட்டையும் அதற்குப் பயன்படுகின்றன. கைதேர்ந்த இருவர் ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளை இவ்வாறு முடிப்பதுண்டு.

உள்ளே நிகழ்வது இதனினும் ஆச்சரியமானது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ‘கேம்பியம்’ என்ற மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. வெளிப்புறம் பட்டையையும் உட்புறம் கட்டையையும் ஓயாமல் ஆக்கிக்கொண்டிருப்பது அதுவே. கண்ணோடு வந்த படலமும் வேர்ச்செடியின் படலமும் ஒன்றையொன்று தொட்டு, காயாமல் இருந்தால், இரண்டிலிருந்தும் புதிய உயிரணுக்கள் பிறந்து இடைவெளியை நிரப்பி, நீரும் உணவும் செல்லும் குழாய்களைப் பொருத்திவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் தொழிலாளி விரலால் அந்த இலைக்காம்பைத் தீண்டிப் பார்ப்பார்: காம்பு மஞ்சளித்துத் தானே உதிர்ந்தால் கண் பிடித்துவிட்டது, கருகிச் சுருங்கி ஒட்டிக்கொண்டு நின்றால் கண் செத்தது. பிடித்த கண், செவிலித்தாயின் மடியில் குழந்தை போலக் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்கும். பனிக்காலம் முடியும் தறுவாயில் கண்ணுக்கு மேலுள்ள காட்டுத் தண்டு முழுவதையும் வெட்டி எறிந்ததும், வேரின் பலமனைத்தும் அந்த ஒரே கண்ணுக்குப் பாய்ந்து, அவ்வாண்டுக் கோடையிலேயே அது பூத்துவிடுகிறது.

சரித்திரத்தின் நெருக்கடியான தருணத்தில் இக்கலை ஆற்றிய தொண்டு மறக்கத்தக்கதன்று. பிரான்ஸ் தேசத்து ஃபிரான்சிஸ் மேயான் 1935இல் கலந்து உண்டாக்கிய இளமஞ்சள் ரோஜா ஒன்று, இரண்டாம் உலக யுத்தம் ஐரோப்பாவைச் சூழ்ந்த நாட்களில், சில ஒட்டுக்குச்சிகளாகவே அமெரிக்காவை அடைந்தது. யுத்தம் இரு தேசங்களின் தொடர்பையும் துண்டித்திருக்க, அங்கே அக்கண்கள் பல்லாயிரம் செடிகளாகப் பெருகின. 1945 ஏப்ரல் 29 அன்று பாசடீனா நகரில் அதற்கு ‘பீஸ்’, அதாவது சமாதானம், என்ற பெயர் சூட்டப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய பிரதிநிதிக் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் அம்மலர் ஒன்று வழங்கப்பட்டது. பிரான்ஸில் மேயானோ அதற்குத் தம் அன்னையின் நினைவாக வேறு பெயரிட்டிருந்தார்.

ஒட்டு ரோஜாவை வாங்கி வளர்ப்பவர் மனத்தில் இருத்தவேண்டிய நியமம் ஒன்று உண்டு. முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்கள் காட்டு ரோஜாவுடையவை. வீரியம் மிகுந்த அவற்றை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் நல்ல ஜாதியை நலியச் செய்து தாமே செடியாகிவிடும். கத்தரித்தால் மீண்டும் துளிர்க்குமாதலால், மண்ணை விலக்கி, அவை பிறக்கும் இடத்திலேயே பிய்த்தெடுப்பது உத்தமம்.

கண்காட்சியில் பரிசுச் சீட்டுகள் புதிய ரோஜாவைச் சிருஷ்டித்தவரின் பெயரையும் பண்ணையின் பெயரையும் தாங்குகின்றன, அது நியாயமே. ஆனால் சிருஷ்டித்தவர் படைத்தது ஒரே செடி. அதை ஊர்தோறும் வீடுதோறும் பூக்கவைத்தவர்கள், கோடை வெயிலில் மண்ணோடு மண்ணாகக் குனிந்து, ஒரு கண்ணையும் வீணாக்காமல் கட்டிய தொழிலாளர்கள். மலரை வியக்கும் நாம் அந்த முடிச்சையும் வியக்கக் கற்றுக்கொண்டால், அவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதையைச் செலுத்தியவர்களாவோம்.